உங்கள் வட்டாரத்து மருத்துவச் சேவையைத் திட்டமிடுவதில் நீங்களும் பங்கேற்கலாம்: சென்னைவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

நம் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும், அங்கே எந்தப் பரிசோதனைகள் நடக்க வேண்டும், செவிலியர் எந்தத் தெருக்களுக்குப் போக வேண்டும் என்பதையெல்லாம் எங்கோ ஓர் அலுவலகம் முடிவு செய்கிறது, நாம் வரிசையில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்றே பலரும் நினைக்கிறோம். அந்த முடிவுகளுக்கு முன்னால் குடிமக்கள் பேசுவதற்கென்று சட்டமும் அரசாணைகளும் இடங்களை ஒதுக்கியிருக்கின்றன. அவற்றில் பல காலியாகக் கிடக்கின்றன என்பதுதான் என் ஆதங்கம்.

குடியிருப்போர் நலச் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள், மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள், வேறு ஊரிலிருந்து வந்து சென்னையில் குடியேறியவர்கள், களப்பணியில் இறங்க விரும்பும் மாணவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. பொறுமையும் ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும்.

தொடங்குவதற்கு முன் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். சுகாதார நிலையத்துக்கு வந்தவர்களின் கணக்கு புறநோயாளிகள் பதிவேட்டில் இருக்கிறது. அதிகாரிகளிடம் அது நம்மைவிட நன்றாகவே இருக்கிறது. வராதவர்கள் யார், ஏன் வரவில்லை என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. தெருவில் வாழ்கிறவர்களுக்குத்தான் அது தெரியும். அதைத் திரட்டி, உரிய நேரத்தில், உரிய மேசைக்குக் கொண்டுபோவதுதான் நம் வேலை. கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

முதல் படி: கட்டடம் யாருடையது?

சென்னையில் அரசு மருத்துவம் ஒரே நிர்வாகத்தின் கீழ் இல்லை. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள், அவற்றுக்கு மேல் நிலையில் உள்ள நகர்ப்புற சமுதாய நல மையங்கள், 2023 ஜூன் மாதம் திறக்கப்பட்ட நகர்ப்புற நலவாழ்வு மையங்கள், தண்டையார்பேட்டையில் உள்ள தொற்றுநோய் மருத்துவமனை ஆகியவை பெருநகர சென்னை மாநகராட்சியின் பொறுப்பில் உள்ளவை. ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ஓமந்தூரார் போன்ற பெரிய மருத்துவமனைகளும், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் மாநில அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறையைச் சேர்ந்தவை. தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தின் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் இந்த இரண்டிலும் சேராமல் தனியாக நிற்கின்றன. ஸ்டான்லியில் படுக்கை கிடைக்கவில்லை என்று மாமன்ற உறுப்பினரிடம் (வார்டு கவுன்சிலரிடம்) முறையிட்டால் அவரால் அனுதாபப்படத்தான் முடியும். வார்டுக்குள் இருக்கும் சுகாதார நிலையத்தில் மாலை நேரத்தில் ஆள் இல்லை என்றால் அவரிடம்தான் போக வேண்டும்.

மாநகராட்சிக்குள் படிநிலை இப்படி இருக்கிறது: வீடு வீடாக வரும் நகர்ப்புற சுகாதார செவிலியர், சுகாதார ஆய்வாளர், நிலையத்தின் மருத்துவ அலுவலர், மண்டல நல அலுவலர், பிறகு மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் மாநகர நல அலுவலரும் சுகாதாரத்துக்கான துணை ஆணையரும். மாநகராட்சி பல மண்டலங்களாகவும் 200 வார்டுகளாகவும் பிரிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் வார்டு எண், மண்டல எண், உங்கள் தெரு எந்தச் சுகாதார நிலையத்தின் எல்லைக்குள் வருகிறது என்ற மூன்றையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். வார்டு எல்லையும் சுகாதார நிலைய எல்லையும் எப்போதும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஊரின் விளிம்பில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் சென்னை மாநகராட்சிக்குள் வருகின்றன. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. நகருக்குள்ளிருந்து மறுகுடியமர்த்தப்பட்ட ஒரே குடும்பத்தின் அண்ணன் இந்தப் பக்கமும் தங்கை அந்தப் பக்கமும் இருக்கலாம். இருவரும் மனுக் கொடுக்க வேண்டிய அலுவலகங்கள் வேறு.

இரண்டாம் படி: நமக்கான இருக்கைகள் எங்கே?

பகுதி சபையிலிருந்து தொடங்குவது நல்லது. கிராமங்களில் கிராம சபை எப்படியோ, நகரங்களில் பகுதி சபை அப்படி. ஒவ்வொரு வார்டும் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, அந்தந்தப் பகுதியின் வாக்காளர்கள் அதன் உறுப்பினர்களாகிறார்கள். மாமன்ற உறுப்பினர் தலைமையில் வார்டு குழு செயல்படுகிறது. தமிழ்நாட்டில் இந்தச் சபைகள் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று முதல்முறையாகப் பரவலாகக் கூடின. சாலை, குப்பை, மழைநீர் வடிகால் என்று பேசியே நேரம் போய்விடுவதால், சுகாதார நிலையத்தைப் பற்றியும் அங்கே பேசலாம் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை. தாராளமாகப் பேசலாம்.

வாக்காளர் என்றதும் ஒரு நடைமுறைச் செய்தி. மதுரையிலோ திருநெல்வேலியிலோ பெயரை வைத்துக்கொண்டு இங்கே வாடகைக்கு இருப்பவர்கள், படிவம் 8 கொடுத்து முகவரியைச் சென்னைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதன் பிறகு பகுதி சபையில் உங்கள் இடத்தை யாரும் கேள்வி கேட்க முடியாது.

அடுத்தது, மகளிர் ஆரோக்கிய சமிதி. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கம், குடிசைப் பகுதிகளிலும் ஏழை மக்கள் வாழும் இடங்களிலும் 50 முதல் 100 குடும்பங்களுக்கு ஒன்று என்ற அளவில் பெண்களின் குழுவை அமைக்கச் சொல்கிறது. குழுவுக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் கட்டற்ற நிதியும், அதாவது இன்ன செலவுக்குத்தான் என்று கட்டுப்படுத்தாத நிதியும், உண்டு. தொகை சிறியதுதான். ஆனால் அந்தப் பகுதியின் தேவையைப் பற்றி முடிவெடுக்கப் பெண்களுக்கென்றே ஒரு குழு இருக்கிறது என்பது சிறிய விஷயம் இல்லை. உங்கள் பகுதியில் இந்தக் குழு இருக்கிறதா, யார் உறுப்பினர், கடைசியாக எப்போது கூடியது என்று நகர்ப்புற சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

சுகாதார நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் நோயாளர் நலச் சங்கம் என்று ஓர் அமைப்பு உண்டு. நாற்காலி, குடிநீர், கழிப்பறை பராமரிப்பு, சிறு பழுது போன்றவற்றுக்கான நிதியை அது கையாள்கிறது. உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் பொதுமக்கள் தரப்புக்கும் அதில் இடம் இருக்கிறது. அதன் உறுப்பினர் பட்டியலை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நெடுநாள் முன்பே வீடு மாறிப் போனவர்களின் பெயர் இன்னும் அதில் இருக்கக்கூடும்.

மாநில அளவில், உலக வங்கியின் நிதியுதவியோடு 2019இல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரச் சீரமைப்புத் திட்டம் மாவட்ட சுகாதாரப் பேரவை, மாநில சுகாதாரப் பேரவை என்ற இரண்டு மேடைகளைக் கொண்டுவந்தது. மாவட்டத்திலிருந்து எழும் கோரிக்கைகள் தொகுக்கப்பட்டு, மேலே முன்னுரிமை தீர்மானிக்கப்பட வேண்டும் என்பது இதன் நோக்கம். உங்கள் பகுதி சபைத் தீர்மானத்தின் நகலை இங்கேயும் சேர்க்க முயலுங்கள்.

மூன்றாம் படி: எண்களைக் கேட்டு வாங்குங்கள்

முதலில் நேரில் போய்ப் பேசுங்கள். கூட்டம் குறைந்த நேரம் பார்த்து மருத்துவ அலுவலரையும் செவிலியரையும் சந்தியுங்கள். புகார் சொல்ல வந்தவர்கள் என்ற நினைப்பு அவர்களுக்கு வந்துவிட்டால் பிறகு கதவு திறப்பது கடினம். "உங்களுக்கு இங்கே என்ன குறை, நாங்கள் எங்கே போய்க் கேட்டால் உங்களுக்கு உதவியாக இருக்கும்?" என்று தொடங்குங்கள். இரண்டு பணியிடம் காலியாக இருப்பதையும், கணினியில் பதிவு செய்யவே பாதி நாள் போய்விடுவதையும் அவர்களே சொல்வார்கள். அவர்கள் நம் எதிராளிகள் இல்லை. பல நேரங்களில் நமக்கு முன்பே மேலிடத்துக்கு எழுதிக் கேட்டு, பதில் வராமல் காத்திருப்பவர்கள்.

வாய்மொழியில் கிடைக்காததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் கேளுங்கள். வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் போதும், இணையவழியாகவும் அனுப்பலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. கேள்விகள் குறைவாகவும் குறிப்பாகவும் இருக்கட்டும். நான் பரிந்துரைப்பவை இவை:

கடந்த 12 மாதங்களில் இந்த நிலையத்துக்கு வந்த புறநோயாளிகளின் எண்ணிக்கை, மாத வாரியாக, காலை மாலை தனித்தனியாக.

அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, காலியாக இருப்பவை எந்தத் தேதியிலிருந்து காலியாக உள்ளன.

இந்த நிலையத்தின் எல்லைக்குட்பட்ட தெருக்களின் பட்டியலும் மக்கள்தொகையும். அந்த மக்கள்தொகை எந்த ஆண்டின் எந்தக் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது.

நோயாளர் நலச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலும், கடந்த ஆண்டின் கூட்டக் குறிப்புகளும், வரவு செலவும்.

மூன்றாவது கேள்வியைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஏறத்தாழ 50,000 பேருக்கு என்பது விதிமுறை. களச் செவிலியருக்கு ஏறத்தாழ 10,000 பேர். ஆனால் நாட்டில் கடைசியாக முடிந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011ஆம் ஆண்டினுடையது. மாநகராட்சி விரிவடைந்து 200 வார்டுகள் ஆனதும் அதே ஆண்டில்தான். அதன் பிறகு பழைய மகாபலிபுரம் சாலையின் இரு பக்கமும் எத்தனை அடுக்குமாடிகள், எத்தனை கட்டுமானத் தொழிலாளர் குடியிருப்புகள் வந்துவிட்டன என்பதை அந்த வழியில் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் அறிவார்கள். பழைய எண்ணை வைத்துப் பார்த்தால் உங்கள் நிலையம் விதிமுறைக்குள் அடங்கியிருக்கும். தெருவில் இறங்கி எண்ணினால் கதை வேறாக இருக்கும். அந்த இடைவெளியை எழுத்தில் காட்டினால், அதற்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உண்டாகிறது.

மருந்து இல்லை என்ற புகார் வந்தால் மருத்துவரைக் கடிந்துகொள்வதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கிக் கிடங்குகள் வழியாக அனுப்புகிறது. தட்டுப்பாடு கிடங்கிலா, நிலையம் குறைவாகக் கேட்டு எழுதியதிலா, நோயாளிகள் கூடியதிலா என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

நான்காம் படி: வராதவர்களைத் தேடிப் போங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். மற்ற படிகளை ஒருவர் மேசையில் உட்கார்ந்தே முடித்துவிடலாம், இதை முடியாது.

சங்கக் கூட்டத்தை ஞாயிறு காலை 11 மணிக்கு, அடுக்குமாடிக் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் வைத்தால் வருகிறவர்கள் யார் என்று நமக்கே தெரியும். ஓய்வு பெற்றவர்கள், நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள், பெரும்பாலும் தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்கள். அவர்களின் கருத்தும் தேவைதான். அரசு நிலையத்தை நம்பி வாழ்கிறவர்களின் கருத்தாக அதை எழுதிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

ஆகவே கூட்டத்தைப் பிரியுங்கள். பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். அவர்கள் ஓய்வாக இருக்கும் நேரத்தில், அவர்கள் இடத்தில் உட்காருங்கள். படிவத்தை நீட்டி "சேவை திருப்தியா, இல்லையா" என்று கேட்காதீர்கள். "பரவாயில்லை" என்பதுதான் பதிலாக வரும். ஒரு நாளின் கடிகாரத்தை வரையச் சொல்லுங்கள். ஒரு பெரிய தாளில் வட்டம் போட்டு, எழுவது, தண்ணீர் பிடிப்பது, வேலைக்குக் கிளம்புவது, திரும்புவது, சமைப்பது, படுப்பது என்று குறிக்க வேண்டும். பிறகு வேறு நிறத்தில் சுகாதார நிலையம் திறந்திருக்கும் நேரத்தைக் குறியுங்கள்.

ஏழைக் குடும்பங்களுக்காக அரசின் வாரியம் கட்டிய வாரியக் குடியிருப்பு ஒன்றின் மாடிப்படிக்குக் கீழே நடந்த அப்படியொரு கூட்டத்தில், வீட்டு வேலைக்குப் போகும் ஓர் அக்கா வரைந்த வட்டம் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. விடிவதற்கு முன் கிளம்பினால் மூன்று வீடு முடித்துத் திரும்பப் பிற்பகல் ஆகிவிடும். மாலை நான்கு மணிக்கு மறுபடி இரண்டு வீட்டில் சமையல். நகர்ப்புற நலவாழ்வு மையங்களின் நேரம் காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை. வேலைக்குப் போகிறவர்களுக்காகத்தான் அந்த மாலை நேரம் வைக்கப்பட்டது. அந்தத் தாளில் இரண்டு நிறமும் ஒன்றன்மேல் ஒன்றாகவே விழுந்தன; மையம் திறந்திருக்கும் ஒவ்வொரு மணியிலும் அவர் யாரோ ஒருவர் வீட்டில் இருந்தார். மடியில் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து நீரிழிவுக் கையேட்டை எடுத்துக் காட்டினார். முதல் நான்கு மாதம் வரிசையாகத் தேதி முத்திரை இருந்தது. அதன் பிறகு ஒன்றுவிட்டு ஒரு மாதம். மாத்திரை தீர்ந்துபோகாமல் இருக்க ஒன்றை இரண்டாக உடைத்துப் போட்டுக்கொள்வதாகச் சொன்னபோது, பக்கத்தில் இருந்த இரண்டு பேர் தாங்களும் அப்படித்தான் என்றார்கள்.

அவர்கள் வீட்டுக்கே மருந்து கொண்டுவரும் திட்டம் நம் மாநிலத்தில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீடு தேடி மாத்திரை தருகிறது. படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய்த்தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் தருகிறது. நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் தன்னார்வலர் கதவைத் தட்டும் நேரத்தில் அந்த அக்கா வீட்டில் இருக்க வேண்டுமே? பூட்டிய வீடு என்று குறித்துக்கொண்டு அவர் போய்விடுகிறார். திட்டத்தின் பக்கமும் தவறில்லை, நோயாளியின் பக்கமும் தவறில்லை, நேரம் பொருந்தவில்லை. எந்தப் பதிவேட்டிலும் சிக்காத தகவல் என்று சொன்னேனே, அது இந்த மாதிரியானது.

இப்படி ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு கடிகாரம் இருக்கிறது. காசிமேட்டில் கடலுக்குப் போய்த் திரும்பியவருக்கும், விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து விற்கப் போகும் பெண்ணுக்கும் நகரத்தின் காலை நேரம் பொருந்தாது. கட்டுமானத் தொழிலாளர்களில் பலர் ஒடியாவும் வங்காளமும் இந்தியும் பேசுகிறவர்கள். பெயர்ப்பலகையைப் படிக்க முடியாது, வாக்காளர் பட்டியலிலும் இங்கே இல்லை, பகுதி சபையிலும் இல்லை. அவர்கள் சார்பில் யாராவது பேசினால்தான் உண்டு. மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் முதியவருக்குச் சுகாதார நிலையம் அடுத்த தெருவில் இருந்தாலும் தூரம்தான். தூய்மைப் பணியாளர்கள், திருநங்கையர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரைத் தனித்தனியாகச் சந்தியுங்கள். பொதுக்கூட்டத்தில் அவர்கள் வாய் திறக்க நாம் இன்னும் இடம் கொடுத்துவிடவில்லை.

நாள் கடிகாரம் முடிந்ததும் ஆண்டுக் கணக்கையும் போடுங்கள். எந்த மாதம் காய்ச்சல், எந்த மாதம் வயிற்றுப்போக்கு, எந்த மாதம் வழி அடைபடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நாள்கணக்கில் நீரில் நின்றன. அந்த நாள்களில் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போக வேண்டியவர் எப்படிப் போனார், நிறைமாதக் கர்ப்பிணியை யார் அழைத்துப் போனார்கள், இன்சுலினைக் குளிர்ச்சியில் வைக்க மின்சாரம் இருந்ததா என்று கேட்டு எழுதுங்கள். அதே டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறலோடு உறக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். தொழிற்சாலைகளுக்கு நடுவில் வாழும் அந்த மக்களுக்கு இரவு நேரச் சேவை எவ்வளவு அவசியம் என்பதை அண்ணா நகரின் தேவையை வைத்து அளக்க முடியாது.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. கூட்டத்தில் யாருடைய நோயையும் பெயரோடு எழுதாதீர்கள், படம் எடுக்காதீர்கள். காசநோய், மனநலம், கருக்கலைப்பு போன்றவை தெருவில் தெரிந்தால் ஒரு குடும்பத்தின் வாழ்க்கையே குலைந்துவிடும். ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. "நாற்பது வயதுக்கு மேற்பட்ட, வீட்டு வேலை செய்யும் பெண்கள்" என்று எழுதினால் போதும்.

ஐந்தாம் படி: புகாரைக் கோரிக்கையாக்குங்கள்

"எங்கள் பகுதிக்கு மருத்துவமனை வேண்டும்" என்று எழுதப்பட்ட மனுக்களுக்கு என்ன ஆகும் என்பது தெரிந்ததே. "பரிசீலிக்கப்படும்" என்று ஒரு வரி பதில் வரும். கட்டடம் கேட்பதை நான் கடைசியில் வைப்பேன். நிலம் வேண்டும், நிதி வேண்டும், ஆண்டுகள் ஆகும். திறப்பு விழா முடிந்த பிறகு ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கவும் கூடும். நேரம், ஆள், மருந்து, வழி ஆகிய நான்கையும் முதலில் கேளுங்கள்.

நீங்கள் திரட்டியதை மூன்றாகப் பிரியுங்கள். நிலையத்தின் மருத்துவ அலுவலரே முடிவு செய்யக்கூடியவை: இந்தி, வங்காளத்தில் ஓர் அறிவிப்புப் பலகை, முதியோருக்குத் தனி வரிசை. மண்டல அளவிலும் ரிப்பன் மாளிகையிலும் முடிவாக வேண்டியவை: நேர மாற்றம், காலிப் பணியிடம், களச் செவிலியர்களின் எல்லையை மறுபடி பிரிப்பது. மாநில அரசின் ஒப்புதலோ புதிய நிதியோ தேவைப்படுபவை: புதிய நிலையம், இரவுச் சேவை, 108 ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தை மாற்றுவது. மூன்றையும் ஒரே மனுவில் கலந்தால் மிகக் கடினமானதைக் காரணம் காட்டி எல்லாமே நின்றுபோகும்.

அந்த அக்காவின் கடிகாரத்திலிருந்து பிறந்த கோரிக்கை ஏறக்குறைய இந்த வடிவில் எழுதப்பட்டது: "இக்குடியிருப்பில் வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள் நலவாழ்வு மையம் இயங்கும் இரு வேளைகளிலும் பணியில் இருக்கிறார்கள். எனவே மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் காலை வேளையில் நீரிழிவு, ரத்த அழுத்தப் பரிசோதனையும் மருந்து வழங்கலும் குடியிருப்பு வளாகத்திலேயே நடத்த வேண்டுகிறோம். நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு மருத்துவரின் ஒப்புதலோடு கூடுதல் நாள்களுக்கான மருந்து தர வேண்டுகிறோம். இடத்தையும் நாற்காலிகளையும் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்." யாருக்கு, ஏன், என்ன, எப்போது என்று எல்லாமே அதில் இருக்கின்றன. ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை.

மனுவை அனுப்புவதற்கு முன் சுகாதார நிலையப் பணியாளர்களிடம் படித்துக் காட்டுங்கள். ஞாயிறு வேலை என்றால் செவிலியருக்கு மாற்று விடுப்பு வேண்டும். இரவு எட்டரைக்குப் பணி முடிந்தால் அவர் வீட்டுக்குப் போகப் பஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவர்களின் தேவையையும் சேர்த்து எழுதினால் கோரிக்கைக்கு உள்ளேயிருந்தே ஆதரவு கிடைக்கும்.

புதிய கட்டடம் உண்மையிலேயே வேண்டும் என்ற முடிவுக்கு வந்தால், நிலத்தைத் தேடுவதிலிருந்து தொடங்குங்கள். மாநகராட்சிக்குச் சொந்தமான, பயன்படாமல் கிடக்கும் இடங்கள் வார்டில் எவை என்று பாருங்கள். நீண்ட கால நோக்கில், எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) முழுமைத் திட்டம் முக்கியமானது. 2008இல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026 வரை. மூன்றாவதன் வரைவு மக்கள் கருத்துக்கு வரும்போது மருத்துவத்துக்கான நிலத்தைப் பற்றிப் பேசத் தவறாதீர்கள்.

ஆறாம் படி: நாட்காட்டியைப் பாருங்கள்

நல்ல கோரிக்கைகள் தோற்பதற்குத் தவறான மாதத்தில் போய்ச் சேர்வதும் ஒரு காரணம். அரசின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. மாநகராட்சியின் வரவு செலவுத் திட்டமும் மாநில அரசின் வரவு செலவுத் திட்டமும் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வருகின்றன. அதற்கு முன்பே துறைகள் தங்கள் தேவையை எழுதி அனுப்பியிருக்கும். மார்ச்சில் மனுக் கொடுத்தால் ஓராண்டு காத்திருக்க வேண்டியதுதான். ஜூன், ஜூலையில் தகவல் கேட்டு வாங்குங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் மக்களைச் சந்தியுங்கள். மழை தொடங்குவதற்குள் கோரிக்கையை எழுதிப் பகுதி சபையில் தீர்மானமாக்குங்கள். நவம்பருக்குள் மண்டல நல அலுவலர் கையிலும் மாமன்ற உறுப்பினர் கையிலும் அது இருக்கட்டும். தேசிய சுகாதார இயக்கத்தின் நிதிக்கான திட்ட அறிக்கைகள் அண்மைக் காலமாக இரண்டு ஆண்டுகளுக்குச் சேர்த்தே தயாராகின்றன என்பதால், அந்தச் சுற்றைத் தவறவிட்டால் இழப்பு இன்னும் பெரிது.

ஏழாம் படி: கூட்டத்தில்

அதிகம் சொல்வதற்கில்லை. பேசப்போவது யார் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்; நேரில் பாதிக்கப்பட்டவர் விரும்பினால் அவரே பேசட்டும், சங்கத் தலைவர் பேசாமல் இருக்கட்டும். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாளை எடுத்துக் கொடுப்பது நம் வேலை. கட்சிக் கொடியைப் பற்றியும் கடந்த ஆட்சியைப் பற்றியும் பேச்சு திரும்பினால், கோரிக்கைத் தாளைக் காட்டி மறுபடி விஷயத்துக்கு வாருங்கள். எழுந்து போவதற்கு முன் தீர்மானம் பதிவேட்டில் எழுதப்பட்டதா என்று கண்ணால் பாருங்கள். எழுதப்பட்ட சொற்களை அங்கேயே குறித்துக்கொண்டு, நகல் கேட்டு ஒரு மனுவும் கொடுங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்ற வாய்ச்சொல்லோடு திரும்பிவிட்டால் அடுத்த முறை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

எட்டாம் படி: திரும்பிப் போய்ச் சொல்லுங்கள்

மக்களிடம் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். ஆய்வுக்கு வந்த மாணவர்கள், நிறுவனத்தினர், தேர்தல் காலத்தில் வந்தவர்கள் என்று வாரியக் குடியிருப்புகளில் எண்ணற்ற பேர் கதவைத் தட்டியிருக்கிறார்கள். திரும்பி வந்து "நீங்கள் சொன்னது இப்படி ஆயிற்று" என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. இதனால்தான் புதிதாகப் போகிறவர்களிடம் அந்த மக்கள் மனம் விட்டுப் பேசுவதில்லை. எனவே கூட்டம் நடந்து இரண்டு வாரத்துக்குள், அதே மாடிப்படிக்குக் கீழே, அதே நேரத்தில் மறுபடி உட்காருங்கள். ஏற்கப்பட்டது எது, மறுக்கப்பட்டது எது, மறுத்ததற்கு என்ன காரணம் சொன்னார்கள் என்று மூன்றையும் சொல்லுங்கள். மறுக்கப்பட்டதை மறைக்கக் கூடாது. காரணத்தைக் கேட்டதும் அவர்களே மாற்று வழி சொல்வார்கள். ஞாயிறு முடியாது என்றால் ரேஷன் கடையில் பொருள் போடும் நாளில் வைக்கலாமே என்பது போன்ற யோசனைகள் அங்கிருந்துதான் வரும்.

நடைமுறைக்கு வந்தவற்றையும் கண்காணிக்க வேண்டும். 2007இல் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் கீழ் ஒன்பது மாநிலங்களில் சமூகக் கண்காணிப்பு முன்னோட்டமாக நடத்தப்பட்டது. தமிழ்நாடும் அவற்றில் ஒன்று. ஊர் மக்களே தங்கள் சுகாதார நிலையத்தை மதிப்பிட்டு, நன்றாக நடப்பதற்குப் பச்சை, சுமாருக்கு மஞ்சள், மோசத்துக்குச் சிவப்பு என்று குறித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பங்கேற்க முடிந்த முறை அது. நகரத்திலும் அதைச் செய்யலாம். ஏழெட்டு அம்சங்கள் போதும்: நேரத்துக்குத் திறந்ததா, மருந்து முழுதாகக் கிடைத்ததா, மரியாதையாகப் பேசினார்களா, கழிப்பறை பயன்படுத்தும்படி இருந்ததா, செவிலியர் தெருவுக்கு வந்தாரா என்பது போல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குறித்து, ஒரு நகலைச் சுகாதார நிலையத்துக்கே கொடுங்கள். பச்சை விழுந்த இடங்களுக்கு நன்றியும் எழுதுங்கள். குறை மட்டுமே கேட்டுப் பழகிய பணியாளர்கள் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

இடையில் அவசரமாக ஏதாவது நேர்ந்தால் கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். மாநகராட்சிச் சேவைக் குறைபாட்டுக்கு 1913, மருத்துவ ஆலோசனைக்கும் புகாருக்கும் 104, முதல்வரின் முகவரித் துறைக்கு 1100. புகார் எண்ணைக் குறித்துக் கோப்பில் சேருங்கள்; ஒரே குறைக்கு மூன்று மாதத்தில் பத்துப் புகார் எண்கள் சேர்ந்தால் அடுத்த கோரிக்கைக்கு அதுவே சான்று.

அந்தக் கோப்பு ஒருவர் வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. வாடகைக்கு இருப்பவர்கள் வீடு மாறுவார்கள், மாமன்ற உறுப்பினரின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடியும், மருத்துவ அலுவலர் இடமாற்றம் பெறுவார். தகவல் அறியும் சட்டத்தில் வந்த பதில்கள், கடிகாரத் தாள்கள், தீர்மான நகல், புகார் எண்கள் என எல்லாவற்றையும் இரண்டு படி எடுத்து, ஒன்றைக் குழுவில் இளையவர் ஒருவரிடம் ஒப்படையுங்கள். அடுத்த பகுதி சபைக்கு அறிவிப்பு வந்ததும் அவரையும் அழைத்துக்கொண்டு போய், கடந்த முறை பதிவான தீர்மானம் இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்பதை முதல் கேள்வியாக அவரையே கேட்கச் சொல்லுங்கள்.